தெருவின் இடப்பக்கம்

அன்று காலை ஷெட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு வெளியே வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. பொழுது விடிந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்து, நடையின் இரண்டு பக்கமும் உள்ள கூண்டு வரிசைகளைப் பார்த்துக்கொண்டே போவது என் வேலை. எது தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது, எது தீவனத்தைத் தொடவில்லை, எங்கே குழாய் ஒழுகுகிறது, எது ராத்திரியில் செத்துப் போயிற்று என்று பார்க்க வேண்டும். வருஷக்கணக்காகச் செய்கிற வேலை என்பதால் கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வேன் என்று பீற்றிக்கொள்வேன்.

எனக்குப் பின்னால் தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் செல்வி. பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து எங்களோடு இருக்கிறவள். வெளியே வரும்போது செத்த கோழிகளைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள்.

“அக்கா, நொட்டாங்கைப் பக்கம் செத்துக் கெடந்துச்சுங்க. கொழாயும் ஒடஞ்சு தண்ணி ஊத்துதுங்க. நீங்க பாக்கலீங்களா?”

எனக்கு வந்ததே கோபம். நான் பார்த்துவிட்டு வந்த இடது வரிசையில் இவள் என்ன புதிதாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று விறுவிறுவென்று மறுபடியும் உள்ளே போனேன். அதே வாசல், அதே நடை. கூண்டுகளைப் பார்த்தேன், கோழிகள் தின்றுகொண்டிருந்தன. வெளியே வந்து, உள்ளே ஒரு குழாயும் உடையவில்லை, உனக்குத்தான் கண் கோளாறு என்று அவளைத் திட்டினேன். என் புடவைக் கரை முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்ததாம். செல்வி அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்தார். அவருக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழில். வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். வண்டி சர்வீசுக்கு நின்றிருந்ததால் அன்று வீட்டில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். “செருப்பு எங்க?” என்றார். காலில்தான் இருக்கிறது என்றேன். இடது கால் செருப்பு, ஷெட் வாசலில் கால் நனைத்துப் போக வைத்திருக்கும் மருந்துத் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. வெறும் இடது காலில் சரளை குத்தக் குத்த நான் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை.

அவர் என் கையைப் பிடித்து அழைத்துப்போனார். காரை எடுத்தார். சேலம் போய்ச் சேரும் வரை, ஒரு செருப்புக்காக ஏன் இப்படி ஓட்டுகிறீர்கள் என்று நான் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் கெட்டுப்போவது) என்றார்கள். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் கொஞ்சம் தளர்ந்திருந்தன, வாய் லேசாகக் கோணியிருந்தது. சீக்கிரம் கொண்டுவந்ததால் அடைப்பைக் கரைக்க மருந்து ஏற்ற முடிந்தது. ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டதற்கு, நான் கோழிகளுக்கு மருந்து தவறவிட்டதே இல்லை என்று பதில் சொன்னேனாம். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கை கால் சீக்கிரம் தேறிவிடும் என்றார் டாக்டரம்மா. அவர் கவலைப்பட்டது வேறு ஒன்றுக்கு. அதற்கு நெக்லெக்ட் (மூளை தன் உடம்பின் ஒரு பக்கத்தையும் உலகத்தின் அந்தப் பக்கத்தையும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவது) என்று பெயர்.

“உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லைங்கம்மா. கண்ணு பாக்குது. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குதுன்னு மூளைதான் நெனைக்க மாட்டேங்குது” என்றார்.

இந்த நோயைப் பற்றி விளக்குவது கஷ்டம். இடது பக்கம் இருட்டாக இருக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருட்டாக இருந்தால் இருட்டு என்றாவது தெரிந்திருக்குமே. உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது, அந்த இடத்தைப் பற்றிய நினைப்பே வராது. எனக்கு இடது பக்கம் அப்படி ஆகியிருந்தது. உலகம் எனக்கு முழுதாகவே இருந்தது. குறைகிறது என்று மற்றவர்கள் சொன்னபோது, அவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டிலின் இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். என்னைப் பார்க்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை என்று நான் அழுதேன். அவர்களை வலது பக்கம் உட்காரவைக்க நர்ஸ் பார்த்தபோது டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் இடது பக்கமே இருக்கட்டும், இடது பக்கத்திலிருந்தே பேசட்டும், அப்போதுதான் மூளை தேட ஆரம்பிக்கும் என்றார். அதை என் வீட்டுக்காரரிடமும் சொன்னார். அவரும் சரி என்றார். அவர் என்றைக்குமே சரி என்பதற்கு மேல் பேசுகிற ஆள் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்களின் பலகையைப் படித்துக்கொண்டே வந்தேன். ராசிபுரம் பஸ் எனக்குப் ‘புரம்’ ஆக இருந்தது. சேந்தமங்கலம் ‘மங்கலம்’ ஆக இருந்தது. எங்கள் எருமப்பட்டி வெறும் ‘பட்டி’. ஊர்ப் பெயரை எல்லாம் எதற்கு இப்படிச் சுருக்கிவிட்டார்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த சில நாளில் அவர் பண்ணைப் பேச்சை எடுத்தார்.

“பூங்கொடி, கோவப்படாமக் கேளு. இந்தக் கோழி கழிஞ்சு போனதும் ஷெட்டக் குத்தகைக்கு உட்டரலாம். கேக்கறதுக்கு ஆளு இருக்குது.”

முட்டை வைத்து ஓய்ந்த கோழிகளைக் கழிவு என்று கறிக்கு ஏற்றிவிட்டு அடுத்த பேட்ச் குஞ்சு இறக்குவது வழக்கம். குஞ்சுப் பண்ணைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பண்ணை என்னுடையது. அவர் வடக்கே மண்ணைத் துளைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் கடன் வாங்கி, கம்பி கட்டி, நோயைப் பார்த்து, விலை இறங்கிய காலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நடத்தியவள் நான். அதை எடுத்துவிட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? செத்தே போயிருக்கலாம் என்று சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது எழுதவும் கஷ்டமாக இருக்கிறது.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். கோழி கழியும் வரை எனக்கு நேரம். அதற்குள் ஷெட்டில் ஒரு சுற்று நான் நடந்து வர வேண்டும். இடது பக்கம் ஒன்றையும் விடாமல் பார்த்துச் சொல்லிவிட்டால் குஞ்சுக்குச் சொல்லிவிடுவது. இல்லையென்றால் குத்தகை.

சேலத்தில் ஆக்குபேஷனல் தெரபி (நோய்க்குப் பிறகு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கிக் கொடுக்கும் சிகிச்சை) ஆரம்பித்தது. பயிற்சி கொடுத்தவர் கவிதா, ஆத்தூர்க்காரர். காரில் வராதீர்கள், பஸ்ஸில் வாருங்கள், படி ஏறுவதும் நடப்பதும்கூடப் பயிற்சிதான் என்றார். காகிதத்தில் சிதறிக் கிடக்கும் நட்சத்திரங்களை எல்லாம் கோடு போட்டு அடிக்கச் சொல்வார். நான் முடித்துவிட்டேன் என்று பேனாவை மூடுவேன். காகிதத்தைத் திருப்பிக் காட்டுவார், பாதி அப்படியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. ஒருநாள் பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டேன். நட்சத்திரம் அடித்து நான் என்ன செய்யப் போகிறேன்? எனக்குக் கோழி பார்க்க வேண்டும்.

கவிதா கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் உங்களுக்குப் பிடித்ததாக என்ன செய்வீர்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கு அப்படி ஒன்றுமே இல்லை. பேச்சை மாற்ற என் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். எங்கள் தொழிலில் எல்லோரும் இதைச் செய்வோம். கோழியின் எச்சம் நிறம் மாறினால் படம், ஓடு மெலிந்த முட்டை என்றால் படம், கொண்டை கறுத்தால் படம். எடுத்து வாட்ஸப்பில் கால்நடை டாக்டருக்கு அனுப்புவோம், அவர் மருந்து சொல்வார். வருஷக்கணக்கான கோழி எச்சத்தைப் பார்த்துவிட்டு கவிதா விழுந்து விழுந்து சிரித்தார்.

“இவ்ளோ படம் எடுத்திருக்கீங்களே. இனிமே வெளியில காத்திருக்கும்போது தெருவ எடுங்கம்மா. எடுத்துட்டு, இடது பக்கம் என்ன இருக்குன்னு எங்கிட்ட வந்து சொல்லுங்க” என்றார்.

தெருவில் என்ன இருக்கிறது எடுப்பதற்கு? இருந்தாலும் அந்த நட்சத்திரத்துக்கு இது தேவலை என்று எடுத்தேன். அந்தச் சிகிச்சை மையம் இருந்த தெரு ஒரு சாதாரணத் தெரு. பஞ்சர் கடை, ஜெராக்ஸ் கடை, ஒரு பேக்கரி. சுவரை எடுத்தேன், சைக்கிளை எடுத்தேன். கவிதா கேட்டால், இடது பக்கம் ஒன்றும் இல்லை என்று நம்பிக்கையாகச் சொன்னேன்.

அது நடந்தது பஸ்ஸில். நானும் வீட்டுக்காரரும் சேலத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம், ராசிபுரம் தாண்டியிருந்தது. நேரம் பார்க்கப் பையிலிருந்து போனை எடுத்தேன். இடது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்காததால் வலது கையாலேயே துழாவி எடுத்தேன், போன் தலைகீழாக வந்தது. கடைசியாக எடுத்த படம் திறந்தபடியே இருந்தது. அதில் ஒரு பெண் தலைகீழாக இருந்தாள். மடியில் பூக்கூடை, கையில் பாதி கட்டிய சரம், பல்லில் கடித்த நூல். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது யார்? நான் எடுக்கவில்லையே. போனை நேராகத் திருப்பினேன். சுவரும் சைக்கிளும் இருந்தன. அவள் இல்லை. தலைகீழாகத் திருப்பினேன், வந்துவிட்டாள். நேராக வைத்தேன், போய்விட்டாள். எத்தனை தடவை அப்படித் திருப்பினேன் என்று தெரியாது. படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் இடது பக்கம் எனக்கு வலது பக்கம் ஆகிவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தப் பெண் எனக்கு எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், என்னைப் பார்த்திருக்கிறாள், ஒருவேளை என்னோடு பேசியும் இருக்கலாம். நான் எடுத்த படத்தில் இருக்கிறாள். நான் இருந்த நேரத்தில் இல்லை.

அதுவரை எல்லோரும் சொன்னதை நான் நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டியபோது நம்பவில்லை, கவிதா காகிதத்தைத் திருப்பியபோது நம்பவில்லை. என் சொந்தக் கையால் எடுத்த படம் சொன்னபோது நம்பினேன். ஐயோ, இன்னும் என்னென்ன அந்தப் பக்கம் இருக்கிறதோ என்று பஸ்ஸிலேயே பழைய படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். நான் வெறும் சுவர் என்று நினைத்த இடத்தில் ஒரு கழுதை நின்றிருந்தது. நட்ட நடுச் சேலத்தில், ஜெராக்ஸ் கடை வாசலில், நிஜமான கழுதை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. போகிற இடமெல்லாம் எடுத்தேன். சேலத்துத் தெரு, நாமக்கல் பஸ் ஸ்டாண்டு, எங்கள் ஊர்ச் சந்தை. அங்கே நான் பார்த்தது ஒன்று, வீட்டுக்கு வந்து படத்தைக் கவிழ்த்தால் கிடைப்பது ஒன்று. ராசிபுரத்தில் ஒருவர் மொபெட்டில் சாயம் போட்ட பட்டு நூலைக் குவித்துக் கட்டிக்கொண்டு போனார். நான் எடுத்தது அந்த நூலின் சிவப்பை. கவிழ்த்துப் பார்த்தால் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் குழந்தை அந்தச் சிவப்பில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நாமக்கல்லில் ஒரு டிரைவர் புது லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். படத்தின் மறுபாதியில் அவர் மனைவியோ யாரோ, அந்தப் பெரிய சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தையும் பெருமையையும் நான் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன்.

எல்லோரும் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. சந்தையில் ஒரு தக்காளிக்காரம்மா, “ஏஞ் சாமி, தக்காளிய உட்டுப்போட்டு என்னைய எதுக்குப் புடிக்கற?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். விஷயத்தைச் சொல்லி, போனைக் கவிழ்த்துக் காட்டினேன். தன் கடையின் மறுபக்கத்தில் ஒரு ஆடு தக்காளியைத் தின்றுகொண்டிருப்பதை அவர் அதில் பார்த்தார். பிறகு எனக்கும் அவருக்கும் நல்ல சிநேகம் ஆகிவிட்டது. அதிலிருந்து கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன், வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நோய் வருவதற்கு முன்னாலும் நான் பார்த்துக்கொண்டே இருந்தவள்தான். ஆனால் எங்கள் தொழிலில் பார்ப்பது என்றாலே குறை கண்டுபிடிப்பது. நன்றாக இருக்கிற கோழியை நான் பார்த்ததே கிடையாது, தாண்டிப் போய்விடுவேன். கண் நிற்பதெல்லாம் நோயில், உடைசலில், ஒழுகலில். மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகியிருக்கிறேன். தெருவில் எனக்குச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. நூலைப் பல்லில் கடித்திருக்கிற பெண்ணுக்கு நான் மருந்து சொல்ல வேண்டியதில்லை. சும்மா பார்த்தால் போதும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல், அதுவும் பாதி உலகம் காணாமல் போன பிறகு, சும்மா பார்ப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தெரிய வந்தது.

இதற்கிடையில் வீட்டுக்காரர் மேல் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் இருந்தது. ரிக் வண்டியை டிரைவரோடு அனுப்பிவிட்டு எனக்காக ஊரில் தங்கியிருக்கிறார் என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கோ அவர் கண்ணிலேயே படவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆளைக் காணோம். தெருவில் நான் ஒருத்தியாகத் தட்டுத் தடுமாறி நடப்பேன். எங்கே போய்விட்டீர்கள் என்று கத்துவேன். “இங்கதான் இருக்கறேன்” என்று எங்கிருந்தோ குரல் வரும். டீக்கடையில் நின்றுகொண்டு பதில் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். குத்தகை பேச மட்டும் பக்கத்தில் வருகிறாரே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அன்றைய படங்களைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் யாருடைய கையோ வந்து கெடுத்திருந்தது. மடித்துவிட்ட சட்டைக் கை, அதிலிருந்து நீண்ட ஒரு கை. சரி போகட்டும் என்று அடுத்த படத்துக்குப் போனேன். அதிலும் ஒரு கை. அதற்கு முந்தின வாரத்துப் படத்திலும் இருந்தது. பூக்காரப் பெண்ணின் படத்தை எடுத்துப் பார்த்தேன், ஓரத்தில் இருந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை நான் கவனிக்கவே இல்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, இடுப்பு உயரத்தில், உள்ளங்கையை என் பக்கம் வைத்து நீட்டியிருந்தது. சாலையில் குழந்தை இறங்கிவிடாமல் தடுக்க நீட்டுவோமே, அப்படி.

பெரிதாக்கினேன். சுண்டு விரல் நசுங்கி நகம் இல்லாமல் இருந்தது. வருஷங்களுக்கு முன்னால் ரிக் வண்டியில் குழாய் இறக்கும்போது நசுங்கிய விரல் அது. எனக்குத் தெரியாத விரலா?

படங்களில் அந்தக் கைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பிறகுதான் பார்த்தேன். சாலை இருந்தது. பஸ் இருந்தது. ஒரு படத்தில் டிப்பர் லாரியின் முகப்பு படத்தின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை எடுத்த அன்று தெரு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று நான் கவிதாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவரைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

“ஏனுங்க, இது உங்க கைதானுங்களே?”

“ஆமா.”

“எல்லாப் படத்துலயும் இருக்குதுங்களே.”

“டாக்டரம்மா அந்தப் பக்கமே நிக்கச் சொன்னாங்கல்ல. நின்னுட்டு இருக்கறேன்” என்றார். பிறகு, “நீ பாட்டுக்குப் படம் எடுக்கறேன்னு ரோட்டுல எறங்கிப் போடற. வண்டி வாரது உனக்குத் தெரியறதில்ல. நான் என்ன பண்றது?” என்றார்.

இத்தனை மாதமும் டீக்கடையில் நின்றதாக நான் திட்டிய ஆள், ஒரு கை தூரத்தில், எனக்கு இல்லாத உலகத்தில் நின்றுகொண்டு என் வசவை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அழுதேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை இடது பக்கமே நீட்டினார். தலையைத் திருப்பி, தேடி, வாங்கிக்கொண்டேன்.

இப்படி எல்லாம் ஆனாலும் ஷெட் ஷெட்தான். கோழி கழிகிற நாள் வந்துகொண்டிருந்தது. அவர் பேசியதிலிருந்து மாறவில்லை, நானும் மாறச் சொல்லிக் கேட்கவில்லை. நோய்க் கோழி ஒன்றை விட்டால் வரிசைக்கே பரவும் என்பது எனக்கும் தெரியும்.

அந்தக் காலையில் இரண்டு செருப்பும் காலில் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போனேன். அவரும் செல்வியும் பின்னால் வந்தார்கள். கவிதா சொல்லிக் கொடுத்தபடி கழுத்தை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூண்டின் விளிம்பைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பார்த்துக்கொண்டே போனேன். இந்தத் தடவை இடது வரிசை இருந்தது. நிஜமாகவே இருந்தது. கோழிகள் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசிவரை போய், ஒன்றும் குறையில்லை என்று திரும்பிச் சொன்னேன்.

“நல்லாப் பாத்தாச்சா?” என்றார்.

“பாத்தாச்சுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். எங்கோ விட்டுவிட்டேன். முடிந்தது. அடுத்த வாசல் வழியாக வெளியே போக வேண்டியதுதான். எப்போதும் அப்படித்தான் போவோம், ஒரு நடையில் போய் அடுத்த நடையில் திரும்புவோம். அதே நடையில் யாரும் திரும்பி வருவதில்லை, நேரம் வீண்.

ஏன் திரும்பினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாதக்கணக்கில் போனைக் கவிழ்த்துப் பழகிய கை கால்கள். வந்த வழியே திரும்பி நின்றேன். அவ்வளவுதான், இடது வரிசை முழுவதும் எனக்கு வலது பக்கம் வந்துவிட்டது. ஷெட் அதே ஷெட், நான்தான் தலைகீழானேன். மெதுவாக நடந்தேன். பாதி தூரத்தில் அடித்தட்டுக் கூண்டில் ஒரு கோழி செத்துக் கிடந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒன்று கொண்டை வாடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஒரு குழாய் முனையில் தண்ணீர் சொட்டியது. ஒவ்வொன்றாகக் கையை வைத்துக் காட்டினேன். நுழைந்த வாசலுக்கு வந்து சேர்ந்தபோது என் முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“இன்னும் ஏதாச்சும் உட்டுட்டனா, செல்வி?”

“இல்லீங்கக்கா. அவ்ளோதானுங்க” என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “ஒவ்வொரு நடையும் ரெண்டு தடவ நடக்கோணும். நேரம் ஆகுமே.”

“ஆகட்டுமுங்க. எனக்கென்ன, பஸ்ஸா போயிருது?”

அவர் வெளியே போனார். குஞ்சுப் பண்ணைக்காரரிடம் போனில் சத்தமாகப் பேசுவது உள்ளே வரை கேட்டது.

எனக்கு முழுக்கக் குணமாகவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இது வந்திருந்தால், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். களைத்துப்போனால் இடது பக்கம் இன்றும் என்னை விட்டுப் போய்விடுகிறது. நான் வண்டி ஓட்டுவதில்லை. இடது கையை அவ்வப்போது தேடி எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வழி தெரியும், திரும்பி நடந்தால் போதும். எந்தத் தெருவையும் நான் இரண்டு தடவை நடக்கிறேன். போகும்போது ஒரு தெரு, வரும்போது இன்னொரு தெரு. முன்பு ஓடி முடித்த காலைகள் இப்போது நீண்டுவிட்டன. அந்த நேரத்தில் நன்றாக இருக்கிற கோழிகளையும் பார்க்கிறேன். அவை இவ்வளவு அழகு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன வாரம் பரிசோதனைக்குச் சேலம் போனோம். அதே தெரு. பேக்கரியைப் பார்த்து போனைத் தூக்கினேன். திரையின் இடது ஓரத்தில் ஏதோ அசைந்தது. நான் கவிழ்க்கவில்லை, தேடவில்லை, அதுவாக வந்தது. நீட்டிய ஒரு கை, நகம் இல்லாத விரல். அந்தக் கையைக் கண்ணால் பிடித்துக்கொண்டே மெல்லமெல்லத் தலையைத் திருப்பினேன். முழங்கை வந்தது, தோள் வந்தது, பிறகு முகம் வந்தது. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. இது எப்போது நரைத்தது? நான் நோயாகப் படுப்பதற்கு முன்னாலேயே நரைத்திருக்க வேண்டும், ஒரு வருஷத்தில் வருகிற நரை இல்லை அது.

அப்படியே இருங்க என்றேன். வலது பக்கம் முழுவதையும் காலியாக விட்டு, அவரை மட்டும் இடது ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன்.